மூன்றாவது பல்சக்கரம்

"ரெண்டா, மூணா? அதை மட்டும் சொல்லும்மா. நான் போயிடறேன்."

அங்கமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, கையில் பிடித்தபடியே நின்றார்.

அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வயது அறுபத்தொன்று. பூவாயிக்கு முப்பத்திரண்டு. கொல்லிமலை அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். சர்க்கரை வந்த பிறகு மலைச் சைக்கிள் ஓட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

ஆகவே அவர் சீடர், அவள் குரு. உலகத்தில் எல்லாம் வயதுப்படி நடப்பதில்லை.

கேள்வி இதுதான். பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் சில மலைச் சைக்கிள்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. மூன்றாவது மிகச் சின்னது. செங்குத்தான ஏற்றத்தில் அதில் சங்கிலியைப் போட்டால் வண்டி நத்தையாக ஊரும், ஆனால் கால் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மட்டும் என்றால் எடை குறைவு, தொல்லை குறைவு, பார்க்கவும் மிடுக்கு.

அங்கமுத்துவிடம் இருந்தது இரண்டு.

அவர் ஒரு நோட்டை நீட்டினார். பற்களின் எண்ணிக்கை, சரிவின் கோணம், தன் உடம்பின் எடை எல்லாவற்றையும் போட்டு நாற்பது பக்கம் கணக்குப் பார்த்திருந்தார். இருபது பக்கம் இரண்டு என்றது, இருபது பக்கம் மூன்று என்றது.

பூவாயி அதை மரியாதையாக வாங்கினாள். எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"கால் எந்த வளைவுல சார் நின்னு போவுது?"

"காலா? கால் நல்லாத்தான் இருக்கு. பஞ்சர்தான் ஆகுது."



பஞ்சர் உண்மைதான் என்று ஊருக்கே தெரியும். ஞாயிறுதோறும் அவரும் மூன்று நண்பர்களுமாக நால்வர் மலை ஏறுவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டினால் யாராவது ஒருவருக்குப் பஞ்சர். உடனே நால்வரும் உருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அடிவாரத்துக்கு வந்ததும் ஒட்டுப் போட வேண்டாம், புது டியூபே போட்டுவிடு என்பார்கள் பூவாயியிடம். நால்வரில் ஒருவரும் காற்றடிக்கும் பம்பு கொண்டுவருவதில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதுமில்லை.

மலை உச்சியை அவர்கள் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது.

பூவாயி எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கிய பழைய டியூப் ஒன்றை எடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் விட்டுப்போனது. காற்றடித்தாள். தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினாள். மெல்லச் சுற்றினாள்.

குமிழ் வரவில்லை.

இன்னொரு சுற்று சுற்றினாள். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது. அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"காத்தை நான்தான் எறக்கி விட்டேன்."

"ம்."

"மூணு தடவை."

"ம்."

பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தைந்தாவது வளைவில் கண் இருட்டுகிறது. முன்பு அவரிடம் மூன்று பல்சக்கரம் இருந்தது. போன வருஷம் சின்னதைக் கழற்றி எறிந்தார். அது கிழவர்களுக்கு என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்தடுத்த வாரங்களில் மற்ற மூவரும் கழற்றிவிட்டார்கள். இப்போது எந்த முகத்தோடு திரும்ப மாட்டுவது? இவனை இழுத்துக்கொண்டு ஏற முடியாது என்று விட்டுவிட்டால்? மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவருக்குப் பேச்சு.

"சலிச்சுப் போச்சும்மா. ஏறுறதுகூடப் பரவால்ல. பொய் சொல்றதுதான் முடியல. சைக்கிளை வித்துரலாம்னு இருக்கேன்."

பூவாயி ஆணியைக் காட்டினாள். இன்னும் டியூபுகள் தொங்கின. அவர் எண்ணிப் பார்த்தார். எட்டு.

"யாரோடது?"

"இந்த ரெண்டு மாசத்துல உங்க ஆளுங்க விட்டுப்போனதுதான். எது யாரோடதுன்னு கலந்து கெடக்குது."

சட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவள் வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

வாழ்நாள் முழுக்கச் சோதனைச்சாலையில் நின்றவர் அல்லவா? சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதல் டியூபுக்குக் காற்றடித்து அமுக்கினார். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு குமிழ் எழுந்தது. அவருக்கு மனசு நிம்மதியானது போலிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். ரப்பரில் ஒட்டியிருந்த வெறும் காற்று.

எட்டையும் பார்த்தார். எட்டும் முழுசு.

முழங்கை வரை ஈரத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. நாலு பேரையும் நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

"எல்லாருக்குமா?" என்றார்.

பூவாயி ஒரு சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். குழந்தைவேலுவை அழைத்தார். நால்வரில் எப்போதும் முன்னால் போகிறவர் அவர். வளைவுதோறும் நின்று, சீக்கிரம் வாங்கய்யா என்று கேலி செய்கிறவர்.

"குழந்தைவேலு, அங்கமுத்து பேசறேன். எனக்குப் பஞ்சரே ஆகலப்பா. நான்தான் காத்தை எறக்கி விட்டேன். என்னால ஏற முடியல. மூணாவதை மாட்டப் போறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

மறுபடி காதில் வைத்தார்.

"அப்பாடா" என்றார் குழந்தைவேலு.