மாடுகளை ஓட்டிவந்த காலை

நிலமும் மாடும் ஊருக்கே பொதுவாக இருந்த கம்யூன்கள் இன்னும் கலையவில்லை. ஆனால் கலையப் போகின்றன என்று எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. சீனாவின் நடுவில் ஒரு மாவட்டம். அதன் கட்சிச் செயலாளர் பெய் ருன்ஷெங் ஒரு மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அலுவலகத்தில் கார் இருந்தது. ஆனால் எங்கே போனோம் என்று டிரைவர் நாலு பேரிடம் சொல்லிவிடுவான்.

அவர் பார்க்கப் போனது தன் ஆசிரியர் கு வென்பிங்கை. கு ஒரு காலத்தில் கட்சிப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தியவர். நடுவில் வந்த கெட்ட காலத்தில், விவசாயி தன் கொல்லையில் நாலு முட்டைக்கோஸ் வைத்துக்கொண்டால் புரட்சி செத்துப்போய்விடாது என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பன்றி மேய்க்க அனுப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்து, தவறு நடந்துவிட்டது என்றார்கள். "பரவாயில்லை. பன்றிகள் நல்ல சகவாசம். கூட்டம் போடுவதில்லை" என்றார் கு.

பெய் போய்ச் சேர்ந்தபோது, கு தன் அறை வாசலில் உட்கார்ந்து நிலக்கரித் தூளையும் களிமண்ணையும் குழைத்து அடுப்புக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாயா?"

"ஆயிற்று ஐயா."

"அப்படியானால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்."

மாவட்டச் செயலாளர் உட்கார்ந்து உருண்டை பிடித்தார். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த வாசலில் அவர் மாணவர்தான்.

"லியூதாங் ஊரில் பொது நிலத்தைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள் ஐயா."

"யார் செய்தது?"

"உற்பத்திக் குழுத் தலைவன் ஹுவோ. குச்சி நட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாமல்."

"அவன் இப்போது எங்கே?"

"கம்யூன் அலுவலகத்தில் ஓர் அறையில் பூட்டிவைத்திருக்கிறோம். மாலைக்குள் நான் மாகாணத்துக்குப் போன் செய்ய வேண்டும். அவனைப் போலீசிடம் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா? நான் சொல்வதுதான் முடிவு."

"மாகாணத்தில் என்ன சொல்கிறார்கள்?"

"காலையில் பேசியவர் இது முதலாளித்துவம் என்றார். மதியம் பேசியவர், இதுவும் சோஷலிசத்தின் ஒரு வடிவமாக இருக்கலாம் என்றார்."

"சாயங்காலம் யார் பேசுவார்?"

"தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

கு ஓர் உருண்டையை வெயிலில் வைத்தார். "நேரில் போய்ப் பார்த்தாயா?"

"பார்த்தேன். பார்த்ததை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை."

லியூதாங்கில் நடந்தது இதுதான். பெய் யாரிடமும் சொல்லாமல் விடியும்போது வயலோரம் போய் ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறார். அதற்குள் ஊரே சேற்றில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் சேகண்டி அடித்தது. கம்யூன் வழக்கப்படி அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் களத்துமேட்டில் கூடி, வரிசையில் நின்று, செங்கொடிக்குப் பின்னால் வயலுக்கு நடக்க வேண்டும். அப்படி வந்து நின்றவர்களுக்குத்தான் அன்றைய வேலைக் கணக்கு எழுதுவார்கள். சத்தம் கேட்டதும் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்றை அப்படியே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஊருக்குள் ஓடினார்கள். வரிசையில் நின்றார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு, இப்போதுதான் எழுந்து வருகிறவர்கள் மாதிரி, அதே வயலுக்குத் திரும்ப நடந்துவந்தார்கள். கொடியை வரப்பில் நட்டுவிட்டு அவரவர் துண்டில் இறங்கிக் குனிந்துகொண்டார்கள்.

"என்னைப் பார்த்துவிட்டு நடிக்கிறார்களோ என்று நினைத்தேன். இல்லையாம், தினமும் இப்படித்தானாம். நிலத்தைப் பிரித்தவர்களுக்குச் சேகண்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தினால் பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடுமே."

கு கரிக் கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். பெய் சிரிக்கவில்லை.

"நடவு எப்படி இருக்கிறது?"

"அருமையாக இருக்கிறது. அந்த ஊரில் அப்படி ஒரு நடவை நான் பார்த்ததே இல்லை."

"பிறகென்ன? போன் செய். ஹுவோவை விடு."

"முடியவில்லை ஐயா."

"ஏன்?"

பெய் களிமண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அந்தக் காலை உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

எந்தக் காலை என்று கு கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் அந்தக் காலை என்றால் ஒன்றுதான். லியூதாங்கில் கூட்டுப் பண்ணை தொடங்கிய காலை. கு அங்கே கட்சி அனுப்பிய குழுவின் தலைவர், பெய் அவருடைய உதவியாளர். இருவருக்கும் தலைமுடி கறுப்பாக இருந்த காலம்.

"மாட்டுக் கொம்புக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டினோம்" என்றார் கு.

"துணி போதவில்லை."

"உன் கல்யாணப் போர்வையைக் கிழித்துக் கொடுத்தாய். உன் மனைவி ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை."

"ஒரு மாதமா? அறுவடை முடியும் வரை பேசவில்லை."

"தாளம் அடித்துக்கொண்டு மாடுகளை ஓட்டிவந்தார்கள். பொதுத் தொழுவத்தில் இடம் இல்லை."

"சூ அம்மா!" என்றார் பெய் திடீரென்று.

"ஆமாம், சூ அம்மா!"

சூ அம்மா ஒரு விதவை. மாடு இல்லாதவள். அன்று காலை தன் கோழியின் காலில் சிவப்பு நூல் கட்டி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள்.

"கோழி வேண்டாம் அம்மா என்று சொன்னேன். நான் மட்டும் வெளியாளா என்று என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள்" என்றார் கு.

"சேர்த்துக்கொண்டோமே. அப்புறம் அது போடுகிற முட்டை யாருடையது என்று கூட்டம் போட்டோமே."

"விடிய விடியப் பேசினோம். முடிவே எடுக்கவில்லை."

இந்த முறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கு அன்றைக்குப் பாடிய பாட்டை முனக ஆரம்பித்தார். இரண்டாவது அடி இருவருக்கும் வரவில்லை. அவர்கள் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன. பதவி வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அந்தக் காலையில் இருந்த சந்தோஷம் திரும்ப வரவே இல்லை.

"முதல் மாட்டை ஓட்டிவந்தது ஹுவோவின் அப்பா" என்றார் பெய். "யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. முகம் அப்படி மலர்ந்திருந்தது. இன்றைக்கு நான் மகனை விட்டுவிட்டால், அப்பா நின்ற அந்தக் காலை பொய் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லுங்கள் ஐயா. பொய்யா அது?"

கு கையில் இருந்த உருண்டையை உருட்டிக்கொண்டே கேட்டார்:

"சூ அம்மாவை வரச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. அவளாகவே வந்தாள்."

"சில ஆண்டு கழித்துப் பொதுச் சமையலறை வைத்தோம். வீட்டு அடுப்பெல்லாம் வேண்டாம் என்று இரும்புச் சட்டிகளை எஃகுக்காக உருக்கக் கொண்டுபோனோம். அவள் வீட்டுச் சட்டியை எடுத்தது யார்?"

"நான்தான்."

"என்ன கேட்டு எடுத்தாய்?"

பெய் யோசித்துப் பார்த்தார். "ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெளியே போயிருந்தாள். சட்டி அடுப்பின்மேல் இருந்தது. கோழியையே கொடுத்தவள், சட்டியையா கொடுக்க மாட்டாள் என்று..."

சமையலறையில் தானியம் தீர்ந்த அந்தக் குளிர்காலத்தை சூ அம்மா தாண்டவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

கு கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் காலை பொய் இல்லை, ருன்ஷெங். பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த முறை கதவைத் தட்டிக் கேட்டிருப்போம்."

பெய் குனிந்து அழுதார். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரியானது. கு பார்த்தும் பார்க்காத மாதிரி, அடுத்த உருண்டைக்குத் தண்ணீர் தெளித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து பெய் எழுந்து, வாளியில் கை முகம் கழுவினார். மனசு லேசாகிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"ஹுவோ இன்றைக்கு வீட்டில்தான் சாப்பிடுவான்" என்றார்.

"நல்லது."

"அவன் மட்டும் இல்லை ஐயா. அடுத்த நடவுக்குள் இந்த மாவட்டம் முழுக்க நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். பொதுத் தொழுவங்களை இடிக்கச் சொல்கிறேன். ஓர் ஊர்கூட விடமாட்டேன்!"

குரலில் பழைய வேகம் வந்துவிட்டது. கு அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பிள்ளையை அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

"எல்லா ஊருமா?"

"எல்லா ஊரும்."

"மலைமேல் ஷிபான் ஊர்க்காரர்கள் தேயிலையைச் சேர்ந்தே பறிக்கிறார்கள், சேர்ந்தே வறுக்கிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறார்கள்?"

"இருக்கட்டும் ஐயா. அவர்களும் பிரித்துக்கொள்ளட்டும். சந்தோஷமாகத்தான் பிரித்துக்கொள்வார்கள்."

"அவர்கள் அப்படிச் சொன்னார்களா?"

பெய் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பெடலில் ஒரு கால் வைத்திருந்தவர், அதை எடுத்துத் தரையில் ஊன்றினார்.