கிரிம்ஷா துரையின் மலேரியா

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அதற்கு ராஜா மாதிரி கிரிம்ஷா துரை என்று ஒருவர் இருந்தார். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜனங்களுக்காகக் கேட்கப் போனவன் துரை வீட்டுப் பட்லர் காத்தவராயன். பக்கத்தில் துரைசாணி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டுக் கூத்தடிப்பீங்க," என்றார் துரை. "எங்க ஜனம் அப்படியா? எங்க இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தையே கிடையாது. நாலு வார்த்தை நீ சொல்லிட்டா, திருவிழா நடத்திக்கோ!"

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத காத்தவராயன் கைகட்டிச் சொன்னான்:

"டிப்ஸி. சனிக்கிழமை ராத்திரி கிளப்புக்குப் போயிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை காலையில தொர அப்படிச் சொன்னா எலுமிச்சைத் தண்ணி கொண்டாருவேன். மெர்ரின்னா கடுங்காப்பி. ஸ்ப்ரீன்னா கட்டில் பக்கத்துல வாளி வைப்பேன். ஹை ஜிங்க்ஸ்னா, கிளப்புல உடைஞ்ச நாற்காலியத் தூக்கிக்கிட்டு ஆசாரிகிட்ட ஓடுவேன்."

துரைசாணியின் ஊசி நின்றது. "ஞாயித்துக்கிழமையானா மலேரியாக் காய்ச்சல்னு சொன்னீங்களே?"

"திருவிழா நடத்திக்கோ, போ போ!" என்று காத்தவராயனை அவசரமாக வெளியே அனுப்பினார் துரை.

அடுத்த சனிக்கிழமை மேளம் கொட்டியது. கிளப்புக்குப் போக வேண்டிய துரை, கோயில் வாசலில் துரைசாணி பக்கத்தில் உட்கார்ந்து பானகம் குடித்தார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்னடா பேரு?"

"பேரே வேண்டாமுங்க தொர," என்று இன்னொரு டம்ளர் ஊற்றினான் காத்தவராயன். "இதைக் குடிச்சா காலையில யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது."