ஆண்டவருக்கு ஒரு தனித் தூம்பா

வியாகுலபுரத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்துநாலு. என்ன செய்ய, எங்கள் ஊருக்கு அப்படித்தான் வாய்த்தது.

குரு, பங்குச் சாமியார் ஜெரால்டு. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சீடர், கோயில்பிள்ளை இன்னாசிமுத்து. மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, சாகக் கிடப்பவர் நெற்றியில் பூசுகிற எண்ணெய்ச் சிமிழைச் சாமியாரோடு கொண்டுபோவது எல்லாம் முப்பத்தைந்து வருஷமாக அவர்தான். சிமிழோடு அவர் தெருவில் இறங்கினால் எந்த வீடு என்று கேட்போம். எதற்கு என்று கேட்க மாட்டோம். எத்தனையோ பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, ஆண்டவர் இருக்கார்" என்று சொன்ன மனுஷன்.

அவருக்கே நெஞ்சுவலி வந்தது. இருதயத்தில் மூன்று அடைப்பு. ஈஸ்டர் ஞாயிறு கழிந்து புதன்கிழமை மதுரையில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். செய்தால் பிழைக்க வழி உண்டு, செய்யாவிட்டால் எதையும் சொல்ல முடியாது. இன்னாசிமுத்து போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மேசையிலேயே உயிர் போய்விடும் என்ற பயம். மனைவி திரேசம்மாள் அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். ஆள் அசையவில்லை.

பெரிய வெள்ளிக்கு நாலு நாள் முன்னால் அவர் கோயில் பின்னறைச் சாவியைத் திரேசம்மாளிடம் கொடுத்து, சாமியாரிடம் ஒப்படைக்கச் சொன்னார். அந்த அறையில்தான் ஊர்த் தூம்பா இருக்கிறது. தூம்பா என்றால், இறந்தவரைக் கிடத்திக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்துபோகிற மரப்பெட்டி. ஊருக்கே ஒன்றுதான். உடலைக் குழிக்குள் இறக்கியபிறகு பெட்டியைக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவோம்.

சாமியார் சாவியோடு அவர் வீட்டுக்கே போனார். அங்கே பேசியதைத் திரேசம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுச் சொன்னாள்.

"இது ஏன் அண்ணாச்சி என்கிட்ட வந்துச்சு?"

"வேற ஆளைப் பாருங்க சாமி. என்னால அந்த ரூமுக்குள்ள போக முடியல."

"ஏன்?"

"பயமா இருக்கு. பெட்டியைப் பாத்தா, இதுக்குள்ள என் காலை நீட்டலாமா, மடக்கணுமான்னு யோசனை ஓடுது."

"எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தரட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்! எண்ணெய் வாங்கினவன் எவன் பொழச்சான்?"

சாமியார் சிரித்துவிட்டார். "எப்படிப் பொழைப்பான்? கடைசி மூச்சு இழுக்கும்போதுதான நீங்க என்னைக் கூப்பிடுவீங்க!"

இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. "விசுவாசம் இல்லாம இல்ல சாமி. உயிர்ப்பு உண்டு, நித்திய வாழ்வு உண்டு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள தனியாக் கிடக்கணுமே. அத நினைச்சாத்தான் ஈரக்குலை நடுங்குது. இதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

சாமியார், திரேசம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார்.

"பெரிய வெள்ளிக்கு ஆண்டவரைச் சுமக்கிற கண்ணாடித் தூம்பா யாரு செஞ்சது அண்ணாச்சி?"

அதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நான்தான் சாமி ஊரைக் கூட்டிச் சொன்னேன். முந்தியெல்லாம் ஒரே தூம்பாதான். செத்தவங்களுக்கும் அதுதான், பெரிய வெள்ளிக்கு ஆண்டவர் சுரூபத்துக்கும் அதுதான். கேக்கவே நல்லாவா இருக்கு? ஆண்டவருக்குத் தனித் தூம்பா வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். இப்ப இருபத்திரண்டு வருஷமாச்சு."

"அப்படியா" என்றார் சாமியார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறாரே என்று திரேசம்மாளுக்கு ஒரே எரிச்சல்.

பெரிய வெள்ளி சாயங்காலம். வழிபாடு முடிந்து, சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்தை, ஆண்டவர் சிலையை, மேசைமேல் வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தோம். தூக்குகிறவர்களில் நானும் ஒருவன், கால்மாட்டுப் பக்கம். கண்ணாடித் தூம்பாவை எடுக்கப் போனபோது சாமியார், "அது வேண்டாம். பின்னறையில இருக்கிறதக் கொண்டுவாங்க" என்றார்.

கோயிலுக்குள் முணுமுணுப்பு எழும்பியது. ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். ஆனாலும் சாமியார் சொல்லைத் தட்ட முடியுமா? கொண்டுவந்து வைத்தோம். சாமியாரே மத்தியானம் கழுவியிருப்பார் போல, பலகையில் ஈரம் இன்னும் காயவில்லை.

ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னாசிமுத்து எழுந்து வந்தார்.

"என்ன சாமி அநியாயம் இது! செத்தவங்க கிடந்த பெட்டி! இதுல ஆண்டவரை வைக்கக் கூடாது!"

"யாரு கிடந்தாங்க?"

"ஊரே கிடந்துச்சு!"

"யாரு அண்ணாச்சி?"

இன்னாசிமுத்து பெட்டிக்குள் பார்த்தார்.

"எம்பிள்ளை" என்றார். "செலினு. எட்டு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. பாதிப் பெட்டி வெறுமையாக் கிடந்துச்சு சாமி. அவ்வளவு பெரிய பெட்டியில அவ மட்டும் தனியா. மறுவருஷம் ஆண்டவரை இதுல கிடத்தும்போது எனக்கு அவரு தெரியல, எம்பிள்ளைதான் தெரிஞ்சா. அதான் வேற பெட்டி கேட்டேன். அவருக்கு மரியாதைன்னு ஊருல சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவனுக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? செலினுடைய தூம்பாவைச் சுமந்ததும் நாங்கள்தான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. திரேசம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாமியார் கேட்டார். "பிள்ளை எந்த மாசம் போனா?"

"சித்திரையில. ஈஸ்டர் கழிஞ்சு பத்தாம் நாளு."

"அதுக்கு முந்தின பெரிய வெள்ளிக்கு இந்தப் பெட்டியில யாரு படுத்திருந்தா?"

இன்னாசிமுத்து மேசைமேல் கிடந்த சுரூபத்தைப் பார்த்தார்.

"ஆண்டவர்."

"அவரு படுத்து எழும்பின இடத்துலதான் அண்ணாச்சி பிள்ளையக் கிடத்தியிருக்கீங்க. அவ தனியாக் கிடக்கல. இருபத்திரண்டு வருஷமாத் தனியாக் கிடக்கிறது இவருதான்."

இன்னாசிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மேசைப் பக்கம் போய், சுரூபத்தின் தலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"மெல்லத் தூக்குங்கடே" என்றார் எங்களைப் பார்த்து. "தலை இடிச்சிரக் கூடாது."

ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவர் சொல்கிற அதே வார்த்தை. அதே பெட்டியில் அதே மாதிரி கிடத்தினோம்.

பவனி தெரு சுற்றி வந்தது. தூம்பாவைச் சுமக்க அவரை நாங்கள் விடவில்லை. விளிம்பில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்து வந்தார். திரும்பி வந்து சுரூபத்தை எடுத்தபிறகு, காலிப் பெட்டியைத் தன் துண்டால் உள்ளும் புறமும் துடைத்தார். பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அப்புறம் சாமியாரிடம் கையை நீட்டினார்.

"சாவியத் தாங்க சாமி."

சாமியார் கொடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை மதுரைக்கு பஸ் ஏறணும். அதுக்கு முன்னால எனக்கு எண்ணெய் பூசிருங்க."

"பயம் போயிருச்சா?"

"எங்க போச்சு, இருக்கத்தான் செய்யுது."

சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்சு நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?"

"அதான் சாமி" என்றார் இன்னாசிமுத்து, "இப்பவே கேக்கேன்."