கடலுக்கு இரண்டு மாதம் குறைவு

"ரெண்டே ரெண்டு மாசம் மேடம். அதுக்குப் போயி இவ்வளவு கறாரா?"

கலியமூர்த்தி மூன்றாவது நாளாக இதையே கேட்டார். ஜெசிந்தா மூன்றாவது நாளாக மாஸ்க்குகளையே கழுவிக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியில் கடலை ஒட்டிய அந்த டைவிங் பள்ளிக்கு ஜெசிந்தாதான் குரு. வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்து நாலு. தோஹாவில் கிரேன் ஓட்டுகிறார். நூறடி உயரத்தில் உட்கார்ந்து பிழைக்கிற மனுஷனுக்குக் கடலுக்கு அடியில் என்ன வேலை என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை.

மகள் கனிஷ்கா கேட்டுவிட்டாள். அதுதான் வேலை.

"அடுத்த லீவுக்கு வரும்போது என்னயக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போப்பா. மீனு பாக்கணும்" என்று வீடியோ காலில் சொல்லியிருந்தாள். மனுஷன் வந்து இறங்கியதும் முதல் காரியமாகத் தான் கற்றுக்கொண்டார். நாலு நாள் உப்புத்தண்ணீர் குடித்து, பயிற்சி முடித்ததற்கான அட்டையும் வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் விதி தெரிந்தது. பத்து வயது ஆகாத பிள்ளைக்குக் கடல் கிடையாது. எட்டிலிருந்து பத்து வரை நீச்சல் குளம் மட்டும், அதுவும் ஆறடி ஆழத்தோடு சரி. பத்து நிறைந்தால் சிறுவர் அட்டை. அப்போதும் நாற்பதடிக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் அட்டை வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளரோ இருந்தாக வேண்டும்.

கனிஷ்காவுக்கு ஒன்பது வயது பத்து மாதம். கலியமூர்த்திக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

"கடலுக்குப் பொறந்த தேதி தெரியுமா மேடம்?"

"தெரியாது அண்ணே. அதான் நாங்க கேட்டு வெச்சுக்கறோம்."

கலியமூர்த்தி விடுகிற ஆள் இல்லை.

"எனக்கே பள்ளிக்கூடத்துல போட்ட வயசுதான். எங்கப்பாவுக்குத் தேதி ஞாபகம் இல்ல. வாத்தியாரு, கையத் தலைக்கு மேல சுத்திக் காதத் தொடுன்னாரு. தொட்டேன். ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாரு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். அத வெச்சுத்தான் பாஸ்போர்ட்டு, விசா, எல்லாம். யாருக்கு என்ன ஆயிப்போச்சு?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. கனிஷ்காவுக்கும் ஒரு தடவ காதத் தொட்டுப் பாத்துருவோம். குளத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் கலியமூர்த்தி. நடையே மாறிவிட்டது.

பள்ளியின் நீச்சல் குளத்தில் ஆழமில்லாத பக்கம் அது. மூன்று நாளாகக் கனிஷ்கா இங்கேதான் ஜெசிந்தாவிடம் பாடம் கற்கிறாள். எழுந்து நின்றால் கனிஷ்காவுக்கு நெஞ்சளவுதான் தண்ணீர். மூவரும் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

"கனிஷ்கா, கூட வர்றவங்களுக்குத் தண்ணிக்குள்ள காத்து தீந்துட்டா என்ன பண்ணுவே?"

"இந்த மஞ்சக் கொழாய எடுத்துக் குடுப்பேன் மிஸ். இது எக்ஸ்ட்ரா. என் வாயில இருக்கறத எடுக்கவே கூடாது."

"ஏன்?"

"எனக்கு வேணும்ல மிஸ்?"

கலியமூர்த்தி குருவைப் பார்த்தார். பெருமை முகத்தில் வழிந்தது.

தண்ணீருக்குள் மண்டியிட்டார்கள். ஜெசிந்தா தன் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்துக் காட்டினாள். காத்து இல்லை என்று அர்த்தம். கனிஷ்கா பதறவே இல்லை. நெஞ்சில் தொங்கிய மஞ்சள் குழாயை எடுத்து நீட்டினாள்.

இன்னொரு முறை. அதே மாதிரி.

மூன்றாவது முறையும் பிசகவில்லை. பாடம் அப்படியே வந்தது.

மேலே வந்ததும் கலியமூர்த்தி சொன்னார்: "பெரியவங்களே இப்படிச் செய்ய மாட்டாங்க மேடம். நானே ரெண்டாவது நாள்தான் ஒழுங்காச் செஞ்சேன்."

"ஆமாண்ணே. என்னய விட நல்லாச் செய்யறா."

பிறகு அவர் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப அந்தச் சைகைய நீங்க காட்டுங்க. அவகிட்ட முன்கூட்டிச் சொல்லாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுபடி இறங்கினார்கள். ஜெசிந்தா கனிஷ்காவின் பின்னால் போய், அவள் சிலிண்டர் வாரில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி மகளுக்கு எதிரே மண்டியிட்டார். அவள் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு வாயிலிருந்ததை எடுத்துவிட்டுக் கழுத்தின் குறுக்கே கையை இழுத்தார்.

மாஸ்க்குக்குள் அந்தக் கண்கள் பெரிதானதை அவர் பார்த்தார்.

மஞ்சள் குழாய் அவள் நெஞ்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி அப்பாவின் வாயில் திணித்தாள். திணித்துவிட்டு, எங்கே நழுவிவிடுமோ என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம், எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். அவள் விடவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

ஜெசிந்தா வாரைப் பிடித்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

எல்லாம் ஐந்து நொடிதான். கலியமூர்த்திக்கு அப்படித் தோன்றவில்லை.

கனிஷ்கா இருமினாள். வாயால் தண்ணீர் வந்தது. மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, காத்து வந்துச்சா? ஒனக்குக் காத்து வந்துச்சாப்பா?"

"வந்துச்சு பாப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவர் தன் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். பிள்ளையை அப்படியே, சிலிண்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அழுதார். குளத்துத் தண்ணீர் முகத்தில் இருந்ததால் கனிஷ்காவுக்குத் தெரியவில்லை. ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவள் சிலிண்டரின் வால்வைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கரையேறியதும் கனிஷ்கா கேட்டாள்: "அப்ப நாளைக்குக் கடலுக்குப் போறோமாப்பா?"

அவர் துண்டால் அவள் தலையைத் துவட்டினார். துவட்டியதையே மறுபடி துவட்டினார்.

ஜெசிந்தா உள்ளே போய், கடலில் இறங்குவதற்கான ஒரு படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"எழுதுங்கண்ணே. ரெண்டு மாசந்தானே?"

கலியமூர்த்தி பேனாவைத் தொடவில்லை.

"மேடம், இந்தப் பத்து வயசுன்னு யாரு முடிவு பண்ணது?"

"ஏன்?"

"ரொம்பக் கம்மியா வெச்சிருக்காங்க."