சாமி உட்காரும் இடம்

"ஏன் சாமி திரும்பிப் போனாங்க?"

வந்ததும் வராததுமாகக் கேட்டாள் செண்பகவடிவு. ஒரு கால் செருப்பை இன்னும் கழற்றவில்லை.

சாமி பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு?"

"அந்தத் தீவுக்காரங்க."

"முதல்ல உட்காருங்கம்மா. மூச்சு வாங்குது உங்களுக்கு."

அவள் அவர் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

செண்பகவடிவுக்கு வயது அறுபத்தொன்று. சாமிக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஆனாலும் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கடற்கரை மடத்துக்கு வந்து அவர் காலில் விழுந்துவிட்டுத்தான் மற்ற சோலி. சாமிக்கு அதில் கூச்சம் உண்டு. அவள் விடுவதாக இல்லை.

பொதுப்பணித் துறையில் குளத்துக்கரை அளக்கிற பொறியாளராகத்தான் அவள் தொடங்கினாள். இப்போது கடல் ஏறி வருகிற நாடுகள் எல்லாம் அவளைக் கூப்பிடுகின்றன. எந்த ஊர் நிற்கும், எந்த ஊர் நிற்காது என்று அளந்து சொல்வது அவள் வேலை. நிற்காத ஊரைப் பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைப்பதும் அவள் வேலை. அவள் பேசினால் மந்திரிமார்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவரவர் மொழியில் கேட்கிறார்கள்.

அவ்வளவு பெரிய ஆள். இங்கே வந்தால் கீரைக் கட்டுக்குப் பக்கத்தில்தான் இடம்.

"அம்மா, அங்க வேண்டாம். தூண் பக்கம் போயிருங்க," என்றார் சாமி.

எழுந்து போய்த் தூணோரம் உட்கார்ந்தாள்.

"பதினொரு ஊரை மாத்தியிருக்கேன் சாமி. நாலு ஊர்க்காரங்க பழைய இடத்துக்கே திரும்பிட்டாங்க. நல்ல வீடு கட்டிக் கொடுத்தேன். தண்ணி, கரண்டு, பள்ளிக்கூடம், எதுல குறை வெச்சேன்? போன மாசம் ஒரு தீவுல அலை வந்துச்சு. திரும்பிப் போன ஒன்பது பேர் செத்துட்டாங்க."

சாமி கீரையை ஆய்வதை நிறுத்தினார்.

"அதுல லிதியான்னு ஒருத்தி. மீன் விக்கிறவ. புது வீட்டுச் சாவியைக் கையில கொடுத்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சந்தோஷத்துல அழுறான்னு நினைச்சேன்."

மற்றக் கால் செருப்பை அப்போதுதான் கழற்றினாள்.

"இன்னிக்கு என்ன சோலியா வந்தீங்க?" என்றார் சாமி.

"கீழே இருக்கே முத்துக்குழி, மீன்பிடிக்கிற ஊரு, அதுக்குத்தான். நூத்து நாப்பது வீடு. இன்னும் பத்து வருஷம்கூடத் தாங்காது. நான் கையெழுத்துப் போட்டா வேலை தொடங்கிரும். மூணு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல கோப்பைக் கொடுக்கணும்."

"எங்க மாத்தப் போறீங்க?"

"தேரிக்குப் பின்னாடி."

மடத்துக்கு வடக்கே செம்மண் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறதே, அதுதான் தேரி.

"அருமையான இடம் சாமி. அலை எட்டவே எட்டாது. அலைச் சத்தம்கூட எட்டாது."

"ம்."

"ஆனா பேனாவை எடுத்தா கை வர மாட்டேங்குது. இவங்களும் திரும்பி வந்துட்டா? வந்து செத்தா? போடலைன்னாலும் சாவுதான். அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

"அம்மா, தூண் பக்கம் வேண்டாம். மேற்குச் சுவரோரம் போயிருங்க."

அவளுக்கு முழங்கால் வலி. தூணைப் பிடித்து எழுந்து, நடந்து, சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். நாலு பேருக்கு முன்னால் இப்படி யாராவது அவளை அலைக்கழித்தால் நடப்பதே வேறு.

"உங்களை எத்தனை ஊருக்கு மாத்தினாங்க?" என்றார் சாமி.

"என்னையா? உத்தியோகத்துலயா? ஏழு நாடு."

"சொன்ன உடனே கிளம்பிருவீங்களா?"

"அதெப்படி? கடிதம் போட்டுக் கேப்பாங்க. வீடு எப்படி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கேன்னு நான் கேப்பேன். ஒரு தடவை மாட்டேன்னுகூடச் சொல்லியிருக்கேன். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. சரின்னு ஒரு வருஷம் தள்ளி வெச்சாங்க."

"நல்ல ஆபீஸு," என்றார் சாமி. கீரையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்த மூலைக்கு."

செண்பகவடிவுக்குச் சுருக்கென்று வந்தது.

"என்ன சாமி, பூனைக்குட்டி மாதிரி என்னை நகத்திக்கிட்டே இருக்கீங்க? மனசு கெட்டுப் போய் வந்திருக்கேன். பேச விட மாட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

முனகிக்கொண்டே மூலைக்கு நகர்ந்தாள். நகர்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் மேலே ஏதோ முறிந்தது. நாலைந்து ஓடு தூணோரம் வந்து விழுந்து நொறுங்கியது. சில்லு சுவர் வரை தெறித்தது. கூடம் முழுக்கப் புழுதி.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உத்தரம் உளுத்துப் போச்சும்மா," என்றார் சாமி. "ஆசாரி வந்து பாத்தான். இனி கை வைக்க முடியாதுன்னுட்டான். நடுக்கூடம் முழுக்க எப்ப வேணும்னாலும் விழும்."

"அதைச் சொல்லியிருக்கலாமே சாமி. சொல்லியிருந்தா நானே எழுந்திருப்பேனே. எங்க உட்காரணும்னும் நானே பாத்திருப்பேன்."

சாமி மடியில் விழுந்த தூசியைத் தட்டினார். கீரையில் விழுந்ததை ஊதினார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் பாய் கிடப்பது நடுக்கூடத்தில். தலைக்கு நேர் மேலே மூன்று ஓடு தொங்குகிறது.

"சாமி, எழுந்து வாங்க."

"இருக்கட்டும்."

"மேலே பாருங்க, தொங்குது."

"தெரியும். ரெண்டு மாசமாத் தொங்குது."

"விழுந்தா மண்டை தெறிச்சுரும் சாமி. இங்க வாங்க. இங்க நல்லா இருக்கு, காத்து வருது, இடமும் நிறைய இருக்கு."

"ஆமா, அது நல்ல இடம்தான்."

"அப்புறம் என்ன? பாயைத் தூக்கிட்டு வாங்க."

அவர் அசையவில்லை. அவள் எழுந்து போய்ப் பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். உலகம் சுற்றின பெரிய மனுஷி, ஒரு சாமியாரின் பாயை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். சாமி ஐம்பத்தைந்து கிலோதான் இருப்பார். பாய் நகரவில்லை.

"என்ன சாமி அப்படி இருக்கு இந்த இடத்துல?" என்றாள் கோபமாக.

சாமி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"இங்க உட்காந்தாத்தான் தெருவாசல் தெரியுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பாய்க்கு நேர் எதிரே, மேற்குச் சுவரில் கதவு. கதவுக்கு வெளியே முற்றம். முற்றத்தின் கடைசியில் தெருவாசல், கம்பிக் கதவு.

"தெரிஞ்சா என்ன?"

"மத்தியானம் கஞ்சி ஊத்துறோம்லா. பசிச்சு வாரவன் உள்ள வந்து கேக்க மாட்டாம்மா. வாசல்ல நிப்பான். யாரும் பாக்கலைன்னா அப்படியே போயிருவான். நான் இங்கிருந்து பாத்துக் கூப்பிடணும்."

"மூலையில இருந்தா தெரியாதா?"

"நீங்க அங்கதான இருந்தீங்க. தெரிஞ்சுதா?"

அவள் மூலைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். சுவர்தான் தெரிந்தது.

நல்ல சுவர். கருங்கல் அடி, மேலே செங்கல். இன்னும் நூறு வருஷம் நிற்கும். அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். எழுந்து நின்று முழம் போட்டாள். கதவு வழியே எட்டி வாசலைப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்து, கண் எந்த உயரத்துக்கு வருகிறது என்று சுவரில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். குளத்துக்கரை அளந்த காலத்துக்குப் பிறகு அவள் இப்படித் தரையில் உட்கார்ந்து எதையும் அளந்ததில்லை.

"சாமி."

"சொல்லுங்க."

"இந்த இடத்துல, ரெண்டடி உயரத்துல ஒரு ஜன்னல் போட்டா, உட்காந்தபடியே வாசல் தெரியும்."

சாமி கீரையைச் சுளகில் போட்டார். எழுந்து பாயைச் சுருட்டினார். அவள் பக்கத்தில் வந்து விரித்து உட்கார்ந்தார்.

"எங்க போடலாம்னு காட்டுங்க."

அவள் காட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பாயைப் பார்த்தாள். அது தரையோடு தரையாகச் சொன்னபடி கேட்டுக்கொண்டு கிடந்தது.

வெளியே அவளைக் கூட்டி வந்த கார் ஹாரன் அடித்தது. மணி இரண்டரை ஆகியிருக்கும்.

செண்பகவடிவு பையிலிருந்து கோப்பை எடுத்தாள். வரைபடத்தை விரித்தாள். தேரிக்குப் பின்னால் நூற்று நாற்பது வீடு, வரிசை பிசகாமல். வாசல் எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தாள். லிதியாவின் வீடும் இப்படித்தான், ரோட்டைப் பார்த்த வாசல். அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

மறுபடி ஹாரன்.

"சாமி," என்றாள். "தேரி உச்சியில வீடு கட்டினா, அங்கிருந்து கடல் தெரியும். வள்ளம் வாரதும் தெரியும். அது போதுமா அவங்களுக்கு?"

"என்னைய எதுக்குக் கேக்கீங்க?" என்றார் சாமி.