ஒரு கூடை மண்

கோத்தகிரிப் பக்கம் மாதி என்றொரு கூலிக்காரி இருந்தாள். முட்டைக்கோசின் வேர் வீங்கிச் செடி வாடும் நோய், அவள் களை வெட்டிய தோட்டத்து மண்ணில் புகுந்துவிட்டது. தோட்டக்காரர் பெள்ளிராஜுக்கு பயிர் மருந்துக்கடையும் நாற்றுப்பண்ணையும் உண்டு. மூன்று பாத்தியில் மூன்று மருந்து ஊற்றிப் பார்த்தார். மூன்றாவது மருந்தில் நோய் ஒழிந்தது என்று சொல்லி, அதை விற்க ஊராரைக் கூட்டினார்.

“தினமும் இங்கே நிக்கிறவ நீதான் மாதி. நோய் போயிடுச்சுன்னு சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே” என்று முன்பே மிரட்டியிருந்தார்.

ஊரார் முன்னே மாதி கும்பிட்டாள். “ஐயா சொன்னா சரிதானுங்க. இத்தனை சுத்தமான மண்ணு வேற எங்கே கிடைக்கும்? ஒரு கூடை அள்ளி உங்க நாற்றங்கால்ல கொட்டிட்டு வரேனுங்க.”

அவள் மூன்றாவது பாத்தி மண்ணை அள்ளிக் கூடையைத் தூக்கியதும் பெள்ளிராஜ் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “அடிப் பாவி, வேண்டாம்! ஒரு பிடி விழுந்தாலும் அத்தனை நாற்றும் போச்சு!”

ஊரே சிரித்தது. மருந்தை ஒருவரும் வாங்கவில்லை. மாதிக்கு வேலை போனது.

“போகட்டும், வீட்டுக்குப் பின்னால என் பத்து சென்ட் கோஸ் இருக்கு” என்று தைரியமாக நடந்தாள்.

அடுத்த மாதம் அந்தச் செடிகளும் வாடின. பிடுங்கினால் வேரெல்லாம் வீக்கம். தோட்டத்தில் களை வெட்டிய கொத்தைக் கழுவாமலே, ஒட்டிய மண்ணோடு தன் நிலத்திலும் வெட்டியிருந்தாள், பாவி மகள்.

இப்போது தினமும் கழுவுகிறாள். நோய் மண்ணில் புகுந்த பிறகு கழுவி என்ன செய்ய?