ஊற்றங்கரையில் ஒற்றைத் தடம்

கோடையில் காட்டாறு வற்றியபோது, கரடியும் புள்ளிமானும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஆற்றுமணலில் ஓர் ஊற்றுத் தோண்டின.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தோண்டியவர் கரையில் தம் காலடியைப் பதிக்க வேண்டும். ஒரு தடம் இருந்தால் ஊற்று அவர் ஒருவருடையது. மற்றவர் அங்கே கால் வைக்கக் கூடாது. பல தடங்கள் இருந்தால், அது அத்தனை பேருடையது. மூன்றும் ஈரமணலில் தடம் பதித்தன. நாள்தோறும் சரியும் மணலைக் கரடி வாரிக் கொட்டும். மான் காவல் நிற்கும்.

முள்ளம்பன்றியோ தனக்குள் அஞ்சியது. "கரடி ஒரே மூச்சில் பாதி ஊற்றைக் குடித்துவிடுகிறது. நாளை என் குட்டி நாக்கு வறண்டு கிடந்தால் என்ன செய்வேன்!"

மறுநாள் விடியற்காலையில், அது தன் முள்வாலால் மற்ற இரண்டு தடங்களையும் பெருக்கி அழித்தது.

குடிக்க வந்த மான் திகைத்தது. "அக்கா, எங்கள் தடம் எங்கே?"

"காற்று அழித்திருக்கும்!"

"காற்றுக்கும் முள் முளைத்துவிட்டதா? மணலெல்லாம் கீறிக் கிடக்கிறதே!"

"விடு, தங்கச்சி!" என்றது கரடி. "வழக்கம் வழக்கம்தான். தடம் உள்ளவருக்கே ஊற்று. நாம் வேறிடம் தோண்டுவோம், வா."

அவை போய்விட்டன. ஆனால் முள்ளம்பன்றிக்கு நிம்மதி வரவில்லை. சருகு அசைந்தாலும் திடுக்கிட்டது. குடிக்கக் குனிந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காவலை விட்டு மணலை அள்ள அதற்கு மனம் துணியவில்லை.

மூன்றாம் நாள், குட்டி நீர் குடிக்க இறங்கியது. கரை சரிந்தது! குட்டி கழுத்துவரை புதைந்தது.

"அம்மா!"

தாய் பதறித் தோண்டியது. தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. "அண்ணா! தங்கச்சி! ஓடி வாருங்கள்!"

இரண்டும் ஓடி வந்தன. கரையில் கரடியின் கால் நின்றுவிட்டது. "உன் தடம் மட்டும் இருக்கிறதே! நாங்கள் எப்படிக் கால் வைப்போம்?"

முள்ளம்பன்றி மேலே பாய்ந்தது. அதே வாலால் தன் தடத்தையும் அழித்தது. "இது என்னுடையது அல்ல! நம் எல்லாருடையது! உங்கள் தடத்தை அழித்தவள் நான்தான்!"

மறுகணம் கரடி குதித்து மணலை வாரியது. முள் குத்துவதையும் பாராமல் குட்டியை மான் கவ்வி இழுத்தது. குட்டி இருமியது, மூச்சு விட்டது.

மாலையில் கரடியும் மானும் மீண்டும் தடம் பதித்தன. முள்ளம்பன்றி தலைகுனிந்து தள்ளி நின்றது.

"வை, அக்கா!" என்றது மான். அதன் உதட்டில் இன்னும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

முள்ளம்பன்றி தன் தடத்தையும் மெல்லப் பதித்தது.

பலருடையதைத் தனதாக்கிக்கொள்பவர் அதைக் காத்து நின்ற கைகளையும் சேர்த்தே இழக்கிறார். ஆதலால், 'என்னுடையது' என்று சொல்லும் முன், அது 'நம்முடையது' அன்றோ என்று எண்ணிப் பாருங்கள்!